முதல் ஓட்டத்துக்கு வந்த மேஸ்திரி

எஞ்சினின் கனெக்டிங் ராடில் புஷ் மாற்றியவன்தான், தோணிகளை இழுத்துப்போகும் லாஞ்சின் முதல் ஓட்டத்துக்குப் போகவேண்டும். தூத்துக்குடி கடற்கரையில் எங்கள் பட்டறை வழக்கம் அது. உயிர்ப்பயம் இருந்தால் வேலை சுத்தமாக இருக்குமாம். அந்த வழக்கத்தை வைத்தே மேஸ்திரி என்னைக் கவிழ்த்தார்.

உலகப்போர் நடந்துகொண்டிருந்த சமயம். கப்பல் வெளிக்கடலில் சரக்குக்காகக் காத்து நின்றது. அவசரத்தில் புது புஷ்ஷை மேஸ்திரியே அடித்து இறக்கினார்; பக்கத்தில் நான் மட்டும்தான். அந்த வெண்கல வளையத்தின் எண்ணெய்த் துளை, ராடின் துளைக்கு நேராக நிற்கவேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் இறங்காமல் புஷ் எரிந்து எஞ்சின் இறுகிவிடும். அந்த மனிதர் துளையைப் பார்க்கவே இல்லை. வயிற்று வலி என்று சொல்லி முதல் ஓட்டத்துக்கு என்னை அனுப்பினார். பாதி வழியில் எஞ்சின் நின்றது. பின்னால் இழுத்துவந்த தோணிகள் மோதி, உப்பு மூட்டைகள் கடலுக்குப் போயின.

"மாட்டுனது இவன்தான் முதலாளி" என்று கூசாமல் சொன்னார். லாஞ்சில் போனவன் நான். என் பேச்சை யார் நம்புவார்கள்?

அதன்பிறகு எந்தப் பட்டறையும் என்னைச் சேர்க்கவில்லை. 'புஷ்ஷ எரிச்சவன்' என்பதே என் பெயராயிற்று. கால் வெடிக்க வெடிக்க உப்பளத்தில் உப்பு சுமந்தேன். அந்த ஆளைக் கறுவாமல் ஒரு வேளைச் சோறு எனக்கு இறங்கியதில்லை.

பிறகு ஃபிட்டர்கள் எல்லாரும் ராணுவப் பட்டறைகளுக்குப் போய்விட்டார்கள். அதே லாஞ்சில் புஷ் தேய்ந்து எஞ்சின் தட்டத் தொடங்கியதும், முதலாளி வேறு வழியில்லாமல் எனக்கு ஆள் விட்டார்.

"மாட்டித் தாரேன் முதலாளி. ஆனா முதல் ஓட்டத்துக்கு மேஸ்திரியும் என்கூட வரணும்."

முதலாளி சரி என்றுவிட்டார். மேஸ்திரிக்கு முகம் செத்துப்போயிற்று.

தேய்ந்ததைத் தட்டி எடுத்தேன். துளைக்குத் துளை பார்த்துப் புதியதை இறக்கினேன். மேஸ்திரியை மட்டும் பக்கத்தில் அண்டவிடவில்லை.

தோணிகளை ஆட்களோடு இழுத்துக்கொண்டு கிளம்பினோம். கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்துத் தள்ளியது. எஞ்சின் நின்றால் போனது போனதுதான். மேஸ்திரி எஞ்சினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"துளை நேராத்தானலே இருக்கு?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனை நாள் உப்பு சுமந்தேன்.

கரை மறையத் தொடங்கியபோது அவர் குரல் உடைந்தது. "ஏலே, பழி வாங்கிராதலே. அன்னைக்குத் துளையப் பாக்காமப் போட்டது நான்தாம்லே. நான் புள்ளகுட்டிக்காரன்லே."

சுக்கான் பிடித்திருந்த தண்டல் திரும்பிப் பார்த்தார். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது போதவில்லை.

"பின்னால தோணியில உள்ளவனுக்குக் கேக்கல மேஸ்திரி" என்றேன். "உரக்கச் சொல்லும்."