கால்ராசி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடிவதற்கு முன்பே பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். நிறுத்தத்தில் விளக்குக் கிடையாது. நாயைக் கண்டாலும் பயம், ஆளைக் கண்டாலும் பயம். கடவுள் பெயரை முணுமுணுத்துக்கொண்டே நிற்பேன். கொஞ்ச நாளில் எதிர்ப்பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்க ஆரம்பித்தது. இன்ஜினை அணைக்காமல், முன்விளக்கை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஓர் ஆள் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருப்பார். வெளிச்சம் கண்ணில் அடிப்பதால் முகம் தெரியாது. பஸ் வந்ததும் அவரும் போய்விடுவார்.

அது என் அக்கா வீட்டுக்காரர்தான் என்பதை அக்காதான் ஒருநாள் வாய்தவறிச் சொன்னாள். அத்தானிடம் கேட்டேன். வண்டியில் கோளாறு, அதனால் நின்றேன் என்றார். தினமும் அதே இடத்திலா கோளாறு வரும் என்று நான் கேட்கவில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஆண்டவன் ஒரு குணத்தையும் சேர்த்தே கொடுத்திருந்தான். தன்னுடையது என்று ஒன்று இருந்தால் அதில் இன்னொருவர் நிழல் விழுவதும் அவருக்குப் பொறுக்காது. அவர் சீப்பை யாராவது எடுத்தால் கழுவிவிட்டுத்தான் தலை வாருவார். அந்த வண்டியைத் துடைப்பதற்குக்கூட அக்காவை விட்டதில்லை.

லாரிகளை நிறுத்தி எடை போடுகிற எடைமேடையில் அத்தானுக்கு வேலை. அங்கே ஓர் இரும்புத் தகடு சரிந்து அவர் வலது முழங்காலில் விழுந்தது. கால் பிழைத்தது, ஆனால் முன்போல மடங்கவில்லை. வண்டி வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் போனது. வருஷக்கணக்கில் அங்கேயே நின்றது. சீட்டுக்குள் எலி குட்டி போட்டது.

அதே பழைய வகை வண்டி வைத்திருந்த சிலர், விடுமுறை நாளில் பெட்ரோல் பங்க் ஓரமாகக் கூடி டீ குடிப்பார்கள். அத்தான் நொண்டிக்கொண்டே அங்கே போய்த் தள்ளி நின்று பார்த்துவிட்டு வருவார். வந்ததும் வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். அவனவன் வண்டிப் பளபளப்பெல்லாம் பெயின்ட்டில்தான், உள்ளே ஒன்றுமில்லை என்பார். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் தானே பங்குக்குப் போய், எங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டாள்.

மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் ரொட்டிக்கடைக்காரர், ஒருவர் ஒல்லியான தபால்காரர். வாராவாரம் வந்து கழற்றினார்கள். ரொட்டிக்காரர் பெட்ரோல் டேங்குக்குள் மண்ணெண்ணெயும் பழைய நட்டுகளும் போட்டு, மாவு பிசைந்த கையால் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். துருத் தண்ணீர் டிகாஷன் மாதிரி கொட்டியது. பல் டாக்டர் கார்பரேட்டரின் ஊசித் துளையைப் பல் குத்தும் கம்பியால் சுத்தம் செய்தார். வலித்தால் கையைத் தூக்கு என்று அதனிடம் அவர் சொன்னதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. தான் சொல்லி அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று கணக்குப் பார்ப்பது மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு, இதையெல்லாம் நானே செய்திருப்பேன், கால்தான் ஒத்துழைக்கவில்லை என்றார்.

எல்லாம் பூட்டி முடித்த அன்று, முதல் மிதி வண்டிக்காரருடையது என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அத்தான் வலது காலால் மிதித்தார், முழங்கால் பாதியிலேயே நின்றது. மறுபக்கம் இறங்கி நின்று இடது காலால் மிதித்தார். வண்டி ஒரு தும்மல் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தது. வியர்த்து ஊற்றியது. தபால்காரர் மெதுவாக, நான் ஒரு தடவை பார்க்கட்டுமா அண்ணே என்று கேட்டார். மூன்று பேர் எதிரில் எப்படி மாட்டேன் என்பது. தபால்காரர் கிக்கரைக் கொஞ்சம் அழுத்தினார், நிறுத்தினார், இன்னும் ஒரு துளி அழுத்தினார். பிறகு ஒரே மிதி. தெருவே அதிர்ந்தது.

அக்கா கள்ளங்கபடமில்லாமல் சொன்னாள்: "கைராசிம்பாங்க. இவருக்குக் கால்ராசி போல."

வண்டிக்குப் பின்னால் புகை வந்தது. அத்தான் காதிலும் வந்தது.

அன்றிலிருந்து தபால்காரர் தினமும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் அக்கா வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வண்டியை ஒரு மிதி மிதித்துக் கொடுத்துவிட்டுப் போவார். டீகூடக் குடிக்க மாட்டார். சாயங்காலம் அத்தானுக்குக் கவலையில்லை, எடைமேடையின் சரிவில் உருட்டி விட்டால் தானாகப் பிடித்துக்கொள்ளும். காலையில்தான் அந்த அவமானம். ஒருமுறை கிளம்பிவிட்டால் நடுவில் எங்கே நின்றாலும் அணைக்கவே மாட்டார். முடி வெட்டிக்கொள்ளும்போது கடை வாசலில் வண்டி தனியாகப் படபடத்துக்கொண்டிருக்கும். பிரார்த்தனைக் கூடத்துக்கு வந்தபோதும் அப்படித்தான். கண்ணை மூடி உட்கார்ந்தால் கடவுளுக்கு முன்னால் அந்தச் சத்தம்தான் காதில் விழும்.

தபால்காரர் போட்டிருந்த பழுப்புத் தோல் செருப்பு மாதிரியே ஒன்று வாங்கிவந்து அதைப் போட்டும் மிதித்துப் பார்த்தார். எதற்கு இந்தச் செருப்பு என்று அக்கா கேட்டதற்கு, காலுக்கு இதமாக இருக்கிறது என்றார். அது கடித்துக் கடித்துக் குதிகாலில் கொப்புளம் வந்தது.

வண்டி ஓடுகிற அன்றைக்கு முதலில் உன்னைத்தான் அணைக்கட்டுக்குக் கூட்டிப்போவேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வண்டியும் ஓடியது, வாரங்களும் ஓடின. அணைக்கட்டுப் பேச்சை மட்டும் காணோம். மழை வரும் போலிருக்கிறது என்பார், செயின் தளர்ந்திருக்கிறது என்பார். எனக்குத் தெரியும். இன்னொருத்தன் மிதித்துக் கொடுத்த வண்டியில் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போக அவருக்கு மனம் வரவில்லை. தானே மிதித்துக் கிளப்பினால்தான் அது தன் வண்டி.

கடைசியில் எல்லோருமாக அணைக்கட்டுக்குப் போக அந்த மூன்று பேரும் சேர்ந்து நாள் குறித்துவிட்டார்கள். இதற்கும் வரவில்லையென்றால் பஸ்ஸில் போய்விடுவேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அன்று காலை தபால்காரர் வந்தபோது, நீங்கள் முன்னால் போங்கள், நாங்கள் பின்னாலேயே வருகிறோம் என்று அத்தான் வாசலிலேயே அனுப்பிவிட்டார். பிறகு மிதிக்க ஆரம்பித்தார். நான் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொடுக்க வந்தவள், அப்படியே நின்றுவிட்டேன். அக்கா தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். வலது கால், இடது கால், மறுபடி வலது கால். முழங்கால் வீங்கி கால்சட்டை இறுகியது. அவர் நல்ல கால் நழுவி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நகருங்க," என்றாள் அக்கா.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிக்கரில் காலை வைத்தாள். கொஞ்சம் அழுத்தினாள், நிறுத்தினாள், இன்னும் ஒரு துளி. ஒரே மிதி. வண்டி பிடித்துக்கொண்டது.

அத்தான் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வேறு ஒன்று வந்தது.

"எங்க கத்துக்கிட்ட?"

"ஜன்னல்ல தினமும் பாக்கறதுதானே."

"தினமும் நின்னு அவனைப் பாக்கறியா?"

"அவரை யாரு பாத்தா. காலைத்தான் பாத்தேன்."

நான் டப்பாவை முகத்துக்கு நேராகத் தூக்கிச் சிரிப்பை மறைத்துக்கொண்டேன். அக்கா அதற்குள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, போகிறீர்களா அல்லது நானே ஓட்டட்டுமா என்று கேட்டாள். அவர் முன்னால் ஏறினார்.

மீதியை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அணைக்கட்டில் போய் நிறுத்தியதும், வெளியிடத்தில் முதல்முறையாகச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாராம். திரும்பும்போது தபால்காரர் வழக்கம்போலக் கிட்டே வந்திருக்கிறார். அத்தான் கையை நீட்டித் தடுத்து, வேண்டாம் தம்பி, எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்றாராம். அக்கா மிதித்ததும் எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். எங்கே, என் வண்டியையும் ஒரு மிதி மிதியுங்கள் அண்ணி என்று ரொட்டிக்காரர் கேட்டிருக்கிறார். அவளும் மிதித்திருக்கிறாள். அதுவும் கிளம்பிவிட்டது. அவ்வளவுதான், அத்தான் மறுபடி உம்மென்று ஆகிவிட்டார். ஊர் வண்டியையெல்லாம் நீ மிதிக்க வேண்டாம் என்று வீடு வந்து சேரும்வரை முணுமுணுப்பு.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அக்கா மிதித்தாள், அவர் ஓட்டினார். தபால்காரர் சைக்கிளில் போகும்போது மணி மட்டும் அடிப்பார். அத்தான் அந்த நேரம் பார்த்து வேண்டுமென்றே ஆக்ஸிலேட்டரை முறுக்குவார்.

சில வருஷம் கழித்து, தூரத்தில் வேலையிலிருந்த அவர்கள் மகள் இருவரையும் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். மாடி வீடு, வண்டி நிறுத்த இடமில்லை. வண்டியைப் பல் டாக்டர் கேட்டார், ரொட்டிக்காரர் கேட்டார். அத்தான் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் தானே நொண்டிக்கொண்டு போய், தபால்காரர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். அக்காவே இதை எதிர்பார்க்கவில்லை.

ரயிலடிக்கு நானும் போயிருந்தேன். அதன்பிறகு அவரை நேரில் பார்க்க ஆண்டவன் எனக்கு வழிவிடவில்லை. அக்கா உள்ளே பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அவன் வண்டியை எப்படி வெச்சிருக்கான்னு அப்பப்ப போய்ப் பாத்துட்டு ஃபோன்ல சொல்லும்மா," என்றார். ரயில் நகர ஆரம்பித்தது. "நல்லா ஓடுதுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாத."