சக்கோஷில் வந்த மோர்க்குழம்பு

பையை முடிவு செய்யாமல் மிதிவண்டியில் ஏறுவது, எழுவாயை முடிவு செய்யாமல் வாக்கியத்தைத் தொடங்குவதற்கு ஒப்பாகும். இரண்டும் பாதி வழியில் தடுமாறும்.

முதலியார்பேட்டையிலிருந்து உப்பளத்திலுள்ள அச்சகத்துக்கு நாள்தோறும் மிதித்துச் செல்கிறேன். திருமண அழைப்பிதழ்களில் பிழை திருத்துவது என் பணி. பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஒற்று மிகும் இடங்களையெல்லாம் நானே தேடிக் கற்றேன். அச்சகத்தில் இயந்திர இரைச்சல் மிகுதி. ஆதலால் மாதிரி அட்டையை வீட்டுக்கு எடுத்துச் சென்று விடியற்காலையில் படிக்கும் சலுகை எனக்கு மட்டும் உண்டு. உரிமையாளர் அதை ஒரு நிபந்தனையோடுதான் அளித்திருந்தார்.

"ஒரு கறை பட்டுதுன்னா அதோட சரி ஐயா. அப்புறம் மிஷின் பக்கத்துல உக்காந்துதான் படிக்கணும்."

அந்த அமைதியான விடியற்காலையை இழக்க நான் ஆயத்தமாக இல்லை. ஜவுளிக்கடை மஞ்சள் பையைக் கைப்பிடியில் மாட்டிப் பார்த்தேன், முழங்காலை இடித்தது. தோள்பையை முதுகில் போட்டேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் சட்டையோடு அட்டையும் நமுத்தது. அந்நாளில், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர், மகளோடு வசிக்கப் பிரான்சுக்குப் புறப்பட்டார். பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் இரட்டைப் பை ஒன்றை எனக்கு அளித்துவிட்டுப் போனார்.

"பைன்னு சொல்லிடாதீங்க முசியே. இது சக்கோஷ்."

அச்சொல்லை வீட்டில் பெருமையோடு உச்சரித்தேன்.

"சாக்குதானே? அதான் பாத்தாலே தெரியுதே," என்றாள் என் மனைவி.

சக்கோஷுக்கு இருபுறமும் எடை ஒத்திருக்க வேண்டும். இடப்பக்கம் மூன்றடுக்கு டிபன் கேரியர். வலப்பக்கம் ஒரே ஓர் அட்டை. வண்டி இடமாகவே சாய்ந்து சாய்ந்து சென்றது. புதுச்சேரியில் அப்படிச் செல்லும் வண்டியைக் கண்டு எவரும் வியப்பதில்லை; காரணத்தைத் தாமாகவே ஊகித்துக்கொள்வார்கள். எனவே அட்டையோடு என் தடித்த அகராதியையும் வைத்தேன். வண்டி நிமிர்ந்தது; என் நற்பெயரும் நிமிர்ந்தது.

ஒரு நாள் அகராதியைப் பைண்டிங்குக்குக் கொடுத்திருந்தேன். எடையைச் சரிக்கட்டக் கேரியரைப் பிரித்து, மோர்க்குழம்பு அடுக்கை மட்டும் ஒரு மூடி போட்டு அட்டையின் பக்கம் வைத்தேன்.

"கொழம்பையும் கல்யாணத்தையும் ஒண்ணா வெக்காதீங்க," என்றாள் மனைவி.

"மூடி இறுக்கமா இருக்குது," என்றேன்.

ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேல் வண்டி குதித்தது. அச்சகத்தில் சக்கோஷைத் திறந்தபோது அட்டையின் ஒரு மூலை பளீரென மஞ்சளாயிருந்தது. மணப்பெண்ணின் தந்தை அதற்குள் வந்து காத்திருந்தார். பாகூர்ப் பக்கத்து விவசாயி. நான் துடைக்குமுன் அட்டையை வாங்கிப் பார்த்தவர், அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"மஞ்ச தடவியே கொண்டாந்துட்டீங்களா! எங்க ஊட்ல மொத கல்யாணம். இதவிட நல்ல சகுனம் வேணுமா?" பிறகு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு மூலதான் தடவியிருக்குது. மத்த மூணு?"

உரிமையாளர் என்னைப் பார்த்தார்.

"அது பெத்தவங்க கையால தடவணுங்க," என்றேன். அவ்வாறொரு வழக்கம் எங்கேனும் உண்டா என்பதை நான் அறியேன்.

அவருடைய கண்கள் கலங்கின. எழுத்து ஒன்றையும் படிக்காமலே "அச்சடிச்சிடுங்க" என்று கூறி, சாமி படத்தின் முன் வைப்பதற்காக அட்டையைக் கையோடு கொண்டு சென்றார்.

அவர் தெருமுனையைக் கடந்ததும் உரிமையாளர் என் பக்கம் திரும்பினார்.

"மஞ்சள்ல பெருங்காய வாசன வருதே ஐயா?"

அகராதி, எடை, தண்டவாளம் என வரிசையாக விளக்கினேன்.

"நல்ல சாக்கு," என்றார்.

"சக்கோஷ்," என்று திருத்தினேன்.

அவர் சிரித்துவிட்டார். "சரி, நாளையிலேந்து ஏதாவது ஒண்ணுதான் அதுல வரணும். அட்டையா, கொழம்பா?"

அட்டையைத் தேர்ந்தேன். மதியம் வீட்டுக்கே மிதித்துச் சென்று உண்கிறேன். சாப்பாடு இல்லாததால் எதிர் எடையும் வேண்டியதில்லைதான். ஆயினும் அகராதி இன்றி வண்டியேற மனம் வரவில்லை. ஆகவே இப்போது வண்டி வலப்பக்கம் சாய்கிறது. மனைவி இடப்பக்கம் இரண்டு பாட்டில்களை வைத்தாள்.

"தண்ணிதான். கொட்டினாலும் இதுல சகுனம் வராது."