டப்பாவைக் காட்டு

குனிந்து நிற்கிறார் சண்முகவேல் அண்ணாச்சி. இடது கண்ணை இறுக்கி மூடியிருக்கிறார். வலது கண்ணை ஒட்டி, கட்டைவிரல் உயரத்தில் ஒரு லென்ஸ். லென்ஸுக்கு அடியில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் கன்னம். நிஜக் குழந்தை இல்லை. தொட்டில் வந்த அட்டைப்பெட்டியின் மேல் அச்சாகியிருக்கும் குழந்தை.

"கன்னத்துல சிவப்பு கூடிப்போச்சு," என்கிறார் நிமிராமல். "மிசின்ல நின்னவன் தூங்கியிருக்கான்."

நான் பக்கத்தில் நிற்கிறேன். சிவகாசியில் குழந்தைச் சாமான் கடை ஒன்றின் மாடியில் பதினோரு வருஷமாக இப்படித்தான் நிற்கிறேன். என் பின்னால் தொட்டில்கள் வரிசையாக இருக்கின்றன. ஆடுவது, மடிவது, சக்கரம் வைத்தது, கட்டிலோடு சேருவது. அண்ணாச்சி அவற்றில் ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை. மாடிப்படி ஏறி வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "டப்பாவைக் காட்டு தாயி."

சாமான்களின் பாகங்களைப் பூட்டிக் கொடுக்கும் இருளாண்டி அண்ணன் குடோனிலிருந்து நாலு பெட்டிகளைச் சுமந்து வந்து வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தொட்டில் வாங்க வந்து பெட்டியை ஆராய்கிற ஆளை அவரும் பார்த்ததில்லை.

அண்ணாச்சிக்கு ஆனைக்குட்டம் போகிற வழியில் அச்சாபீஸ். பட்டாசுக்கு லேபிள் அடிப்பார், தீபாவளி சீசனுக்கு கிஃப்ட் பாக்ஸ் அடிப்பார். அந்தப் பெட்டியைத் திறந்தால் மேல் தட்டில் சரமும் புஸ்வாணமும் கண்ணைப் பறிக்கிற மாதிரி அடுக்கியிருக்கும். கீழே மடித்து வைத்த வெறும் அட்டைதான் பெட்டிக்கு உயரம் கொடுக்கும். இதை அவரே சொல்வார், மறைக்க மாட்டார். "சிவகாசிக்காரன் சரக்கா விக்கான்? டப்பாவ விக்கான்."

கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் பெயரைப் படிப்பதற்கு முன்னால் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நீவி அட்டையின் கனம் பார்ப்பார். "முந்நூறு ஜி.எஸ்.எம். போட்டிருக்கான், பரவால்ல," என்பார். எங்கள் கடைத்தெருவில் ஒருவர் தகப்பனாரின் கருமாதிப் பத்திரிகையை அவரிடம் நீட்டினார். அண்ணாச்சி அதை வெயிலில் சாய்த்துப் பார்த்து, "கறுப்பு நல்லா ஏறியிருக்குலே," என்று பாராட்டினார். செத்தது யார் என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.

அவர் அடிக்கிற கம்பி மத்தாப்பு டப்பாவில் ஒரு குழந்தை சிரிக்கும். முப்பது வருஷமாக அதே குழந்தை. நிஜத்தில் அதற்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். அதன் இமையில் எத்தனை முடி என்றுகூட அவர் சொல்லிவிடுவார். அவருடைய சொந்தப் பேத்தி பிறந்து அன்றைக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவளை அவர் இன்னும் கையில் வாங்கவில்லை. யாராவது நீட்டினால், "கையில மை," என்று விரலைக் காட்டிப் பின்வாங்கிவிடுகிறாராம்.

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது இங்கே பழக்கம். அதனால் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவசரக்காரர்கள். அண்ணாச்சிக்கு இரட்டை அவசரம். மகள் பிரீத்திக்கு ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்திருந்தார்கள். வயிற்றில் தையல். குனியக் கூடாது, எட்டி எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பிள்ளை அவளோடு கட்டிலில்தான் படுத்திருந்தது. அது ஒரு அவசரம். பதினாறாம் நாள் பிள்ளையைத் தொட்டிலில் போட மதுரையிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். அது இன்னொன்று. அண்ணாச்சிக்குத் தெரிந்தது இந்த இரண்டாவது மட்டும்தான்.

நான் வாடிக்கையாளரிடம் அதிகம் பேச மாட்டேன். கேட்க வேண்டியதை மட்டும் கேட்பேன். "அண்ணாச்சி, கட்டில் எம்புட்டு உசரம் இருக்கும்?"

"கட்டில் உசரம் எதுக்கு? நான் கட்டிலா வாங்க வந்திருக்கேன்?"

அந்த நேரம் அவர் போன் அடித்தது. கையில் லென்ஸ் இருந்ததால் போனைப் பெட்டியின் மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். பிரீத்தியின் குரல் மெலிந்து வந்தது.

"யப்பா, கட்டிலோட சேந்தாப்புல இருக்கணும். ஒரு பக்கம் தொறந்திருக்கணும். நான் படுத்தமேனிக்கே கையப் போட்டுப் பிள்ளைய எடுக்கணும். கேக்குதா?"

"கேக்குது தாயி, கேக்குது. இங்கன ஒண்ணு வந்திருக்கு பாரு, தங்க ஃபாயில் போட்டு! எழுத்து அப்பிடியே மின்னுது."

"ஃபாயிலு எனக்கு எதுக்குப்பா?"

"உனக்கில்ல தாயி. வர்றவுகளுக்கு."

அவள் கேட்டது எங்களிடம் இருந்தது. நான் அதை நகர்த்திக் கொண்டுவந்தேன். சாதாரண மரத் தொட்டில். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பலகை, ஒரு பக்கம் வலை. மறுபக்கத்தை ஜிப்பைத் திறந்து கீழே இறக்கிவிடலாம். கால்களில் வரிசையாகத் துளைகள் உண்டு. கட்டிலின் மெத்தை எந்த உயரமோ அந்த உயரத்துக்கு இதன் மெத்தையையும் கொண்டுவந்து முடுக்கிவிடலாம். இடைவெளி விழாமல் கட்டிலோடு இழுத்துக் கட்ட இரண்டு வார்கள். நான் பக்கத்தை இறக்கிக் காட்டினேன். வாரை இழுத்துக் காட்டினேன். அண்ணாச்சி அதன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழுப்பு அட்டை. அதில் கறுப்பில் ஒரு அம்புக்குறி, ஒரு குடை, ஒரு கண்ணாடிக் குவளை.

"ஒத்தக் கலரு," என்றார். லென்ஸை வைக்கக்கூட இல்லை. "இதென்ன, ஆணி வந்த டப்பாவா?"

"உள்ள இருக்கிறது நல்ல சாமான் அண்ணாச்சி," என்றார் இருளாண்டி அண்ணன்.

"நல்ல சாமானுக்கு எவன்லே ஒத்தக் கலரு அடிப்பான்? ஒரு நாலு கலருக்கு வக்கில்லாத கம்பெனி தொட்டில மட்டும் ஒழுங்காச் செஞ்சிருவானாக்கும்?"

வெளியூர்க்காரர்கள் பெட்டியைப் பார்த்து ஏமாறுவதை வருஷா வருஷம் பார்க்கிறோம். பெட்டி செய்கிறவரே பெட்டியைப் பார்த்து ஏமாறுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் லென்ஸ் வைத்துப் பார்த்து.

அவர் வாங்கியது, கடைக்காரர் 'ராஜா மாடல்' என்று சொல்லும் தொட்டில். வெள்ளைப் பெயின்ட், ஓரத்தில் தங்கக் கோடு, மேலே பந்தல் மாதிரி ஜாலர், பட்டனை அழுத்தினால் பாட்டு, சுற்றிலும் தலையணைகள். நாங்கள் அதை மாடியில் வைத்திருப்பது போட்டோ எடுக்கத்தான். பிள்ளைக்காரிகள் ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஆனால் அதன் பெட்டி பெரியது. "நாப்பத்தெட்டுக்கு இருபத்தெட்டு," என்றார் அண்ணாச்சி, அளக்காமலே. நான் பிறகு டேப் வைத்து அளந்தேன். சரியாக இருந்தது. கட்டில் உயரம் தெரியாத மனுஷர் பெட்டியின் அளவை அரை இஞ்ச் பிசகாமல் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு நானும் இருளாண்டி அண்ணனும் போனோம். பிள்ளை பெற்றவள் இருக்கிற அறைக்குள் வெளி ஆண்கள் போகக் கூடாது என்பதால் என்னையும் அனுப்புவார்கள். அறைக்குள் போகிற வேலையே வரவில்லை. "ஹால்ல போடு," என்றார் அண்ணாச்சி. "ரூமுக்குள்ள கெடந்தா யாரு பாக்க?"

பூட்டி நிறுத்தியதும் அதன் கம்பி என் நெஞ்சுக்கு வந்தது. பிரீத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் நடந்து வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கலாம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தொட்டிலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இதுல நான் எப்பிடிக் குனிஞ்சு எடுக்க?"

எனக்குப் பதில் தெரியும். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ எதுக்குக் குனியணும்? உங்கம்மா எடுத்துக் குடுப்பா," என்றார் அண்ணாச்சி.

அவர் மனைவி பத்திரகாளி அக்கா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு முழங்காலிலும் பட்டை போட்டிருந்தது. "ராத்திரி நாலு மட்டம் அழுவுது பிள்ள. எனக்கு எந்திரிக்கவே கால்மணி நேரம் ஆவுது. உங்க டப்பாவா எந்திரிச்சு வந்து எடுத்துக் குடுக்கும்?"

"நான் தூங்கி ஒம்பது நாளாச்சுப்பா," என்றாள் பிரீத்தி. "கண்ணசந்தா பிள்ள மேல பொரண்டிருவனோன்னு பயந்து பயந்து உக்காந்தே கெடக்கேன்."

அண்ணாச்சி பட்டனை அழுத்தினார். பாட்டு வந்தது. அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை வீறிட்டது.

"நல்ல சவுண்டு," என்றார்.

வெறும் பெட்டியை இருளாண்டி அண்ணன் வெளியே எடுத்துப் போகப் பார்த்தார். அண்ணாச்சி ஓடிவந்து பிடுங்காத குறையாக வாங்கி, குழந்தைப் படம் வாசலைப் பார்க்கிற மாதிரி ஹால் சுவரில் சாய்த்து வைத்தார். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். பிரீத்தி சுவரைப் பிடித்தபடியே அறைக்குத் திரும்பிப் போனாள். பிள்ளையின் அழுகை நிற்க நேரம் ஆனது.

மூன்றாம் நாள் கடை திறந்தவுடன் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பத்திரகாளி அக்கா இறங்கினார். மாடி ஏற முடியாது என்று கீழேயே உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"அந்தப் பழுப்பு டப்பா இருக்கா தாயி?"

"இருக்கு அக்கா."

"அத எடு. டப்பா வேண்டாம். டப்பாவோட வந்தா வாசல்லயே நிறுத்தி வெச்சு ஆராய்ச்சி பண்ணுவாரு. சாமான மட்டும் ஆட்டோல ஏத்து. அவுக அச்சாபீசுல இருக்காக, சாப்பிட வர்றதுக்குள்ள கட்டிப்புடணும்."

கட்டிலின் உயரத்தை நூலில் முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தார். அந்த நூலை என் கையில் கொடுத்தார்.

இந்தத் தடவை இருளாண்டி அண்ணன் ஹாலில், தங்கக் கோட்டுத் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அந்தத் தொட்டிலுக்குள் துவைத்த துணிகள் மடித்துக் கிடந்தன. நான் மட்டும் அறைக்குள் போனேன். நூல் முடிச்சு சொன்ன துளையில் முடுக்கினேன். மெத்தையும் மெத்தையும் சமமாக வந்தன. வார்களைக் கட்டிலுக்கு அடியில் கொடுத்து இழுத்துப் பூட்டினேன். இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தேன், நுழையவில்லை. தலையணை, பொம்மை எதையும் உள்ளே வைக்க வேண்டாம் என்று சொன்னேன். நான் அன்று பேசிய நீளமான பேச்சு அதுதான்.

பிரீத்தி படுத்தபடியே பிள்ளையை ஒரு சாண் தூரம் நகர்த்தித் தொட்டிலில் விட்டாள். கையை அதன் வயிற்றோரம் வைத்தாள். எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்தாள். "எட்டுதும்மா," என்றாள். ஸ்பேனரை நான் பையில் போடுவதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

நாங்கள் கிளம்புவதற்குள் அண்ணாச்சி சாப்பிட வந்தார். அறை வாசலில் நின்றார். தொட்டிலை மேலும் கீழும் பார்த்தார்.

"டப்பா எங்க?"

"அடுப்புல போட்டுட்டேன்," என்றார் பத்திரகாளி அக்கா.

"ஒரு லேபிள்கூட இல்லாம மொட்டையா நிக்கி. மதுரைக்காரக வந்து கேட்டா இத எந்தக் கம்பெனின்னு சொல்ல? இது இங்கன வேண்டாம், மச்சுக்குக் கொண்டு போ."

யாரும் அசையவில்லை. அவரே உள்ளே வந்து தொட்டிலின் பலகையைப் பிடித்து இழுத்தார். வார் விடவில்லை. கட்டிலும் சேர்ந்து முனகியது. குனிந்து வாரின் பூட்டைத் தேடினார். பூட்டு மெத்தைக்கு அடியில் இருந்தது, மெத்தையோரம் பிரீத்தியின் கை கிடந்தது. கையைத் தூக்காமல் பூட்டைத் தொட முடியாது. மை படிந்த விரல்கள் அந்தரத்தில் நின்றன.

நிமிர்ந்து வெளியே போனார்.

ஹாலில் அட்டை கிழிபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நாப்பத்தெட்டுக்கு இருபத்தெட்டுப் பெட்டியைத் தரையில் படுக்கப்போட்டு, அதன் முகப்பைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்த அட்டையை எடுத்து வந்து தொட்டிலின் கால்மாட்டுப் பலகையில் வைத்துப் பார்த்தார். பலகையைவிட இரண்டு மடங்கு அகலம். பலகை வாசலைப் பார்த்து இருந்தது. வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அச்சடித்த படத்தில் ஓரம் ஒரு நூலளவு வெட்டுப்பட்டாலே வேலையாட்களை ஏலே, வாலே என்று வெளுத்து வாங்குகிற மனுஷர், கத்தியை மறுபடி எடுத்தார். பிறகு தங்க ஃபாயில் எழுத்து முழுவதையும் வெட்டித் தள்ளினார். குழந்தையின் முகம் மட்டும் மிச்சமிருந்தது. பின்புறம் பசை தடவினார். தொட்டில் ஆடாமல் இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி நீவி ஒட்டினார்.

பலகைக்கு அந்தப் பக்கம் பேத்தி கொட்டாவி விட்டாள். அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். குனிந்தார். இடது கண்ணை இறுக்கி மூடி, அட்டைக் குழந்தையின் கன்னத்தில் லென்ஸை வைத்தார்.