அந்தப் பக்கம்

கரும்பலகையின் உச்சியில் ‘தலைப்பு’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு நீளக் கோடு இழுத்து, அதன் மேல் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவார் என் மகளின் தமிழ் டீச்சர். போர்ட் பிளேயருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட் பள்ளிக்கூடத்து வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது அந்த வெறும் கோட்டைத்தான். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பிள்ளைகள் தாங்களே ஒரு தலைப்பை வைத்து எழுதி, எழுந்து நின்று வாசிக்க வேண்டும். “முர்கி பத்தி எழுதலாமா டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டான். தெருவில் இந்தி பேசி வளர்ந்தவனுக்குக் கோழி என்ற சொல் சட்டென்று வரவில்லை. “எழுது. ஆனா உங்க வீட்டு முர்கியா இருக்கணும். புஸ்தகத்து முர்கி வேணாம்” என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. என் மகள் சிரிக்கவில்லை.

என் கணவர் கார் நிக்கோபார் தீவில் தச்சு வேலை பார்த்தவர். நாங்களும் அங்கேதான் இருந்தோம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை வந்த அலைக்குப் பிறகு அவர் கிடைக்கவேயில்லை. நானும் மகளும் நிவாரண முகாமில் இருந்துவிட்டு பாம்பூஃப்ளாட்டில் வாடகை வீட்டுக்கு வந்தோம். எனக்குப் போர்ட் பிளேயரில் வேலை கிடைத்தது. தினமும் ஃபெரிப் படகில் எதிர்க்கரைக்குப் போகவேண்டும். மகளிடம் பேச்சு வற்றிக்கொண்டே வந்தது. சரி, வேணாம், பசிக்கல. அதற்குமேல் வராது. கடல் என்ற சொல்லை வீட்டில் இருவருமே சொல்வதில்லை. இவளை இஷ்டப்பட்டதை எழுது என்று விட்டால் அதைத்தான் எழுதுவாள், எழுதினால் மிச்சமிருக்கும் பேச்சும் போய்விடும் என்ற பயத்தில்தான் அன்று பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன்.

“பசு, மழைக்காலம்னு நீங்களே ஏதாவது குடுத்துடுங்க டீச்சர்.”

“பசு பத்தி நல்லாவே எழுதுவா அக்கா. ஆனா அதுல அவ இருக்கமாட்டா. எழுதாம இருந்தாலும் பரவாயில்ல. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.”

வாரக்கணக்கில் மகள் அந்தக் கோட்டை வெறுமையாகவே விட்டாள். டீச்சர் திட்டவில்லை. “அச்சா, அடுத்த வாரம் பாப்போம்” என்று அடுத்த பிள்ளையிடம் போய்விடுவாராம். பிறகொரு வெள்ளிக்கிழமை என்னை வரச்சொல்லி அனுப்பினார். வராந்தாவிலேயே சொன்னார்: “பயப்படாதீங்க அக்கா. தலைப்ப மட்டும் காட்டினா. ‘அந்தப் பக்கம்’னு வச்சிருக்கா. போர்ட் பிளேயர் பத்தித்தான்.”

அவர் அப்படி நினைத்தது இயல்பு. பாம்பூஃப்ளாட்டில் எல்லோரும் எதிர்க்கரையை அப்படித்தான் சொல்வார்கள். எனக்கோ அது எதிர்க்கரை இல்லை. முகாமில், அப்பா எங்கே என்று அவள் கேட்டபோதெல்லாம், செத்துப்போனார் என்று சொல்ல நாக்கு எழாமல் நான் சொன்ன சொல் அது. அப்பா அந்தப் பக்கம் போயிருக்கார்.

அவள் எழுந்து வாசித்தாள். இத்தனை நீளமாக அவள் குரலைக் கேட்டு எவ்வளவு காலமாகியிருந்தது. “எங்கள் ஊரில் எல்லோரும் காலையில் அந்தப் பக்கம் போவார்கள். சாயங்காலம் ஃபெரியில் திரும்பி வருவார்கள். என் அப்பாவும் அந்தப் பக்கம் போயிருக்கிறார் என்று அம்மா முன்பு சொன்னார். அதனால் இங்கே வந்த புதிதில் ஒவ்வொரு ஃபெரியிலும் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தேன். இப்போதும் பார்க்கிறேன். ஆனால் அப்பாவுக்காக இல்லை. அம்மாவுக்காக.”

முர்கிக்காரப் பையன் மெதுவாகச் சொன்னான்: “ஏய், உங்க அம்மா வெளியதான் நிக்கிறாங்க, பாரு.”

வீட்டுக்கு நடக்கும்போது அவளே ஆரம்பித்தாள். “திங்கக்கிழமை எந்த ஃபெரில வருவ?” சொன்னேன். கொஞ்ச தூரம் போனபின், “அப்பா வரமாட்டார்மா. கடல் கொண்டுபோயிருச்சு” என்று அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொன்னேன். “தெரியும்மா. நீ அழுவியேன்னுதான் கேக்கல” என்றாள்.

இப்போது அவள் மெயின்லாந்தில் படிக்கிறாள். விடுமுறை முடிந்து கப்பல் ஏறினால், சென்னையில் இறங்கிவிட்டேன் என்று அவள் போன் செய்யும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. காத்திருப்பது இப்போது என் முறை. டீச்சர் மாயாபந்தருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இதை எழுத உட்கார்ந்தபோது, அவரைப்போலவே மேலே ஒரு கோட்டை இழுத்து, வெறுமையாக விட்டுத்தான் ஆரம்பித்தேன். முடித்ததும் மகளுக்குப் போன் செய்து, உன் தலைப்பை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“எடுத்துக்கோ. ஆனா நீ தினமும் திரும்பி வந்ததயும் எழுது” என்றாள்.