ஊற்றடி மேட்டு மண்

ஈரமண்ணும் உருகிய மெழுகுதிரியும் கலந்தால் ஒரு மணம் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்து எங்கள் வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது அந்த மணம்தான். டென்மார்க்கில், ஓல்போர்க் நகரத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், கடற்கழி ஓரமாகக் கிடந்த ஒரு சின்ன ஊரில், 'கொமூன்' என்று நாங்கள் சொல்லும் நகரசபை தந்த இரண்டாம் மாடி வீடு அது. வாசற்கதவின் நிலைக்கு மேலே, குளிர்கோட்டுகள் தொங்கும் கொழுவிகளுக்கும் மேலே, சிவப்புத் துணியில் முடிந்த ஒரு பொட்டலம் ஆணியில் தொங்கும். அம்மா அதை 'மாதா மண்' என்பார். சனிக்கிழமை தோறும் அதற்குக் கீழே ஒரு மெழுகுதிரி எரியும்.

மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் இது புதினமில்லை. மடுமாதா கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த நிலத்து மண்ணில் ஒரு பிடி அள்ளி முடிந்துகொண்டு வருவார்கள். பாம்புக்கடிக்கு அதைவிட மருந்தில்லை என்பது நம்பிக்கை. டென்மார்க்கில் எங்கே பாம்பு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் அப்பாவும் கேட்டார். "பாம்பு இல்லையெண்டால் என்ன, கொமூன் இருக்குத்தானே" என்றார் அம்மா. அப்பா எல்லாவற்றுக்கும் சொல்லும் "போகட்டும், தேத்தண்ணியைப் போடு" என்பதை அன்றும் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

ஆனால் எங்கள் வாசலில் தொங்கியது மடு மண் அல்ல, இந்த நாட்டு மண். அதனால் வந்த பகையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊருக்கு வெளியே, பார்லி வயல்களுக்கு நடுவில் ஒரு புல்மேடு இருந்தது. ஆதிகாலத்தில் இந்த நிலத்தில் வாழ்ந்த சனங்கள் தங்கள் செத்தவர்களை வைத்து மூடிய மேடு. அதன் அடியில் ஓர் ஊற்று. பழைய காலத்தில் நோயாளிகள் வந்து குடித்துச் சுகப்பட்ட நீர் என்று டேனிஷ்காரரும் சொல்லுவார்கள். மேட்டின் உச்சியில் ஏறி நின்றால் கடற்கழி முழுவதும் வெள்ளித் தகடுபோலத் தெரியும், அதைப் பார்க்கவென்றே கோடையில் ஜெர்மனியிலிருந்துகூடக் கூடார வண்டிகள் வரும். அவர்கள் தங்குவதற்குப் பக்கத்திலேயே இங்கர் என்ற பெண்மணி ஒரு முகாம்திடலும் ஐஸ்கிரீம் கடையும் வைத்திருந்தார். மேடும் அதைச் சுற்றிய வயலும் பௌல் என்ற கமக்காரருடையவை.

எங்கள் சனம் அந்த ஊற்றைக் கண்டதும் விடவில்லை. கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே பூசை வைக்கப் பாதிரியார் மூலமாகப் பௌலிடம் கேட்டார்கள்; "பாடிவிட்டுப் போங்கள்" என்றார் அவர். மாதா சொரூபத்தை ஊற்றுக்குப் பக்கத்தில் வைத்தோம், பாடினோம், ரோல்ஸும் கடலையும் தின்றோம், இடத்துக்கு 'ஊத்தடி மாதா' என்று பெயர் வைத்து, அந்த நாளை ஆண்டுத் திருநாளும் ஆக்கினோம். அதற்கு முன்பு அந்த மேட்டுக்கு ஒரு பெயர் இருந்திருக்குமே என்று யாரும் யோசிக்கவில்லை.

அம்மா அப்போது ஹெரிங் மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத வாசம் அது. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே கிடக்கும் என்பார். அந்தத் திருநாளில் அம்மாவின் ரோல்ஸை வாங்கித் தின்ற இங்கர், கோடை முழுவதும் தன் கடைக் குசினியில் அதைப் பொரித்து விற்கலாம் என்று கேட்டபோது அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. தொழிற்சாலையில் தந்த றப்பர்ச் சப்பாத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து, "இனி நான் மீன்காரி இல்லை" என்றார். சூரியன் மறைய மனமில்லாத அந்தக் கோடைகளில் எண்ணெய்ச்சட்டிக்கு முன்னால் நின்று, கூடாரக்காரருக்கு அரைகுறை டேனிஷில் "சூடு, சூடு" என்று எச்சரித்துச் சிரித்த அம்மாவைப்போல ஒரு சந்தோசமான மனுசியை நான் பிறகு கண்டதில்லை.

மண் அள்ளத் தொடங்கியது யார் என்று இன்றைக்கும் சண்டை. ஓரிருவர் மேட்டுச் சரிவில் ஒரு பிடி அள்ளிக் கைதுடைக்கும் லேஞ்சியில் முடிந்தார்கள். பிறகு பிலோமினா அன்ரி வந்தார். எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டுக்காரி, எதைச் சொன்னாலும் "நான் சும்மா சொல்லேல்லை, கண்டு சொல்லுறன்" என்று தொடங்குகிறவர். அவர் அள்ளிய மண்ணுக்குள் விரல்நுனி அளவில் ஓர் எலும்புத்துண்டு கிடந்தது. வேறு யாருமென்றால் நாய் புதைத்தது என்று எறிந்திருப்பார்கள். புனிதர்களின் எலும்பைப் பேழையில் வைத்து முத்தமிட்டு வளர்ந்த சனம் நாங்கள். அன்ரி அதைப் பஞ்சில் வைத்து, கண்ணாடிச் சிமிழில் மூடி, சொரூபத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். செய்தி கோப்பன்ஹேகனுக்கும் ஓகூஸுக்கும் போனது, எல்லை தாண்டி ஜெர்மனிக்கும் போனது. அடுத்த கோடையில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் கரண்டி, வெறும் ஐஸ்கிரீம் பெட்டி.

இன்னொரு புதுமையும் பேசப்பட்டது. பௌல் உழவு இயந்திரத்தில் மேட்டைக் கடந்து போகும்போதெல்லாம் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றுவார், கடந்ததும் போடுவார். "லூத்தர் வேதக்காரன், எங்கட மாதாவுக்குத் தொப்பி கழட்டுறான் பார்" என்று பெண்கள் கண்கலங்குவார்கள்.

அந்தப் பௌல்தான் திருநாளன்று, பூசை முடிந்த கையோடு, இயந்திரத்தை நடுவழியில் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடிவந்தார். மேட்டின் தெற்குச் சரிவு ஒருபக்கம் கடித்த பாண்போல் ஆகியிருந்தது. எல்லாரும் எழும்பி என்னைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் டேனிஷ் சரளமாகக் கதைக்கக்கூடியவள் நான். வயது பத்தோ பதினொன்றோ.

"கேள் பிள்ளை, என்னத்துக்குக் கத்துறானெண்டு" என்றார் அம்மா.

"இதைத் தோண்ட உங்களுக்கு யார் உரிமை தந்தது?" என்றார் பௌல்.

"மண்தானே? அவன்ர வீட்டுப் பவுணையே கேட்டனாங்கள்? சொல்லு."

சொன்னேன். நான் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மொழிபெயர்க்கும் பிள்ளைகளுக்கு அதுதான் வீரம் என்று நினைத்திருந்தேன்.

பிலோமினா அன்ரி முன்னுக்கு வந்தார். "நான் சும்மா சொல்லேல்லை, கண்டு சொல்லுறன். இது புனிதர் கிடந்த இடம். எலும்பே எடுத்தனான். அதையும் சொல்லு."

அதைச் சொன்னதும் பௌலின் சத்தம் நின்றுபோனது. "எலும்பா?" என்று கேட்டார். பிறகு, வகுப்பில் ஆசிரியர் ஒருவர் மக்குப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அது மண் இல்லை. அது ஆட்கள்."

அம்மா விடவில்லை. "அப்ப ஏன் மாதாவுக்குத் தொப்பி கழட்டினவன்? நடிப்போ?"

"உங்கள் பொம்மைக்கு நான் கழற்றவில்லை. இவர்களுக்குக் கழற்றினேன். என் அப்பாவும் கழற்றினார்."

பொம்மை என்ற சொல்லையும் நான் விடாமல் மொழிபெயர்த்தேன். அவ்வளவுதான். "பொம்மையோ? ஆரைப் பார்த்துப் பொம்மை எண்டுறாய்?" என்று அம்மா அன்று அள்ளித் தன் பெட்டியில் வைத்திருந்த மண்ணை அவர் காலடியில் கொட்டினார். பௌல் முழந்தாளிட்டு, புல்லுக்குள் சிதறியதை ஒரு பருக்கையும் மிச்சம் விடாமல் கையால் கூட்டி அள்ளி, கொண்டுபோய்ச் சரிவில் வைத்து அமுக்கினார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வெட்கப்பட வேண்டிய இடம் அது. எங்கள் ஆட்களுக்கு வந்ததோ கோபம்.

அருங்காட்சியகத்து ஆட்கள் வந்து சிமிழை வாங்கிப் போனார்கள். தகனம் செய்த மனித எலும்பு என்றார்கள், பெயரறியாத யாரோ ஒரு பழைய மனிதர். பிலோமினா அன்ரி ஒரு கிழமை அழுதார். அள்ளிய மண்ணைத் திருப்பித் தரும்படி பாதிரியார் பூசையில் கேட்டார். சிலர் கொடுத்தார்கள். "மரியாதையாக் கேட்டிருந்தால் குடுத்திருப்பன், பொம்மை எண்டவனுக்கு ஒரு தூசும் குடுக்கமாட்டன்" என்று அம்மா சொல்லிவிட்டார். முந்திய கோடையில் அள்ளி முடிந்த பொட்டலம் அப்படியே கிடந்தது; அன்றிலிருந்து எங்கள் வாசலில் தொங்கியது பக்தியில்லை, வீம்பு.

மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. ஏறக்கூடாது, ஊற்றருகே கூடக்கூடாது, கூடாரம் அடிக்கக்கூடாது என்று பலகை நட்டார்கள். அடுத்த கோடை ஒரு பஸ் வந்தது. இறங்கியவர்கள் வேலிக்கு வெளியே நின்று செபமாலை சொல்லிவிட்டு, எங்களைக் குற்றவாளிகளைப்போலப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த கோடை திருநாள் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்குப் போய்விட்டது. ஜெர்மன்காரரும் வரவில்லை; ஏறிப் பார்க்க முடியாத மேட்டைப் பார்க்க யார் வண்டி இழுத்துக்கொண்டு வருவார்கள்? கடற்கரைப் பக்கம் எத்தனையோ முகாம்திடல்கள் இருந்தன.

இங்கர் முதலில் பௌலோடு சண்டை பிடித்தார்: செத்தவர்களுக்காக உயிரோடு இருப்பவளைப் பட்டினி போடுகிறாயா என்று. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். ஒருநாள் குசினிச் சாவியை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, "உன் அம்மாவுக்குச் சொல், உங்கள் ஆட்கள் வரும்வரை எல்லாம் நன்றாக இருந்தது" என்றார். அம்மா மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. "விளங்குது" என்று தமிழிலேயே சொன்னார். தமிழ்ப் பெண்களோ, "அவ ரோல்ஸ் விக்கத்தானே மாதாவைக் கொண்டுபோய் அங்கை வச்சவ" என்று அம்மாவின் காதுபடவே கதைத்தார்கள். வகுப்பில் என்னை 'மண் தின்னி' என்றார்கள்.

குளிர்காலம் தொடங்க அம்மா புது றப்பர்ச் சப்பாத்து வாங்கினார். வீட்டில் மெழுகுதிரி மணத்தின் மேல் மீன் வாசம் ஏறி உட்கார்ந்தது. ஓய்வுபெறும்வரை அது போகவில்லை.

யுத்தம் முடிந்து சில காலத்தில் நானும் அம்மாவும் மன்னாருக்குப் போனோம். அம்மாவின் தகப்பனைப் புதைத்த சேமக்காலை படைமுகாம் ஒன்றின் முள்வேலிக்குள் கிடந்தது. சிலுவைகள் இல்லை, நிலம் மட்டப்படுத்தப்பட்டு, அதன்மேல் ஒரு பந்தாட்ட வலை கட்டியிருந்தது. காவலுக்கு நின்ற பெடியன் துவக்கை ஆட்டிப் போகச் சொன்னான். "இங்கே என்ன இருக்கிறது, மண்தானே" என்று உடைந்த தமிழில் சொன்னான். அம்மா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். என்ன கத்துகிறார் என்பது எனக்கே பிந்தித்தான் புரிந்தது, கத்தியது டேனிஷில். அது மண் இல்லை, அது ஆட்கள். அந்தப் பெடியனுக்கு அதை மொழிபெயர்க்க என்னிடம் சிங்களம் இருக்கவில்லை.

அதைப் பற்றி அம்மா பிறகு கதைக்கவே இல்லை. போன வசந்தத்தில், ஓகூஸில் என் வீட்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து மாமாவின் மகள் ரெஜினா மச்சாள் போன் எடுத்தார். அவருக்கு அங்கே ஒரு பெரிய மலையின் அடிவாரத்தில் விடுதி இருக்கிறது.

"ஆதிக்குடிச் சனம் மலையிலை ஏறவேண்டாமெண்டு மறிச்சுப்போட்டுதுகள் மாமி. ரூர் பஸ் ஒண்டும் வாறேல்லை. அறையெல்லாம் வெறுமை. கல்லுத்தானே, ஏறினால் தேய்ஞ்சே போகும்?"

"அவையின்ர ஆக்கள் அதுக்குள்ளை இருக்கினமோ?" என்று கேட்டார் அம்மா.

"ஆருக்குத் தெரியும்? பாட்டன் பூட்டன் எண்டு என்னவோ கதை சொல்லுதுகள்."

"அப்ப நீ விடுதியைப் பூட்டு."

"என்ன மாமி இப்பிடிச் சொல்லுறியள்? நீங்களும் கடை வச்சு நட்டப்பட்டனீங்கள்தானே!"

"நட்டப்பட்டபடியாத்தான் சொல்லுறன்" என்று அம்மா போனை என் கையில் தந்துவிட்டார். ரெஜினா மச்சாள் இன்றுவரை திருப்பி எடுக்கவில்லை.

அந்தக் கிழமையே அம்மா மேட்டுக்குப் போகக் காரை எடுக்கச் சொன்னார். சிவப்புப் பொட்டலம் வெளிறி, ரோசாப்பூ நிறத்தில் அவர் மடியில் இருந்தது. இங்கரின் கடை இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் கிடந்தது, முகாம்திடல் முழுவதும் பார்லி. பலகையின் எழுத்து அழிந்துவிட்டது. ஊற்றைச் செடி மூடியிருந்தது. ரோல்ஸ் வாசமும் பாட்டும் பஸ்களும் இருந்த இடம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அம்மா இறங்கவில்லை. "நீ போய்க் கொட்டிப்போட்டு வா. நான் அவன்ர வேலிக்குக் கிட்ட வரமாட்டன்."

வேலிக்கு மேலால் கையை நீட்டிச் சரிவில் கொட்டினேன். திரும்பியபோது தெருவில், நடைக்கு ஊன்றும் தள்ளுவண்டியைப் பிடித்தபடி கூனிப்போன ஒரு கிழவர் நின்றார். பௌல்தான். என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கண்ணாடிக்குப் பின்னால் நேரே முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவையும் பார்த்தார். தலையசைக்கவில்லை. எங்களைக் கடந்து மேட்டின் நேருக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றினார்.

நான் காரில் ஏறியதும் அம்மா சொன்னார்:

"எனக்குக் கழட்டேல்லை. எனக்குத் தெரியும். எடு காரை."