ஆடாமல் வந்த சைக்கிள்

நேற்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டையை உதறியதும் அடித்த செண்டு வாசனையில், காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த கடைசி வருஷங்களில் போலகத்துக்கு அப்பால் நின்ற, இன்று ஒரு மூங்கில்கூட மிஞ்சாத கீற்றுக்கொட்டகைச் சுங்கச் சாவடி கண்முன் வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டிருந்த நான், இந்தியப் பக்கம் நாகூரில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்கு, பிரெஞ்சுப் பக்கம் எங்கள் நெரவியிலிருந்து வாரம் ஒருமுறை வாடகை சைக்கிளில் தூக்கு நிறைய முறுக்கு கொண்டுபோவேன். ஒளிக்க ஒன்றும் இல்லாத நாளிலும் சாவடியைக் கண்டதுமே எனக்குப் பயம் வந்துவிடும், சைக்கிள் பாம்பாக நெளியும், இந்தியச் சிப்பாய் விழுந்து விழுந்து சிரித்து, "பாத்துப் போ தம்பி" என்று விட்டுவிடுவார்.

ஒருமுறை அக்கா ஆசையாகப் பிரெஞ்சு செண்டு கேட்டாள். வரி கட்டாமல் எல்லை தாண்டக்கூடாத சரக்கு. இந்த ஆட்டமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, ஒரு வாரம் குளத்தங்கரையில் ஓட்டி ஓட்டிக் கடைசியில் கண்டுபிடித்தேன். சைக்கிளை ஆட்டுவது பயமில்லை. பயத்தில் நான் மிதிப்பதைக் குறைக்கிறேன், வேகம் குறைந்த சைக்கிள் விழாமலிருக்க ஹாண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

முறுக்குக்கு அடியில் சீசாவைப் புதைத்து, ஓங்கி மிதித்து, நூல் பிடித்தாற்போல் சாவடிக்கு வந்தேன்.

"டேய் நெரவித் தம்பி! இன்னைக்கு ஆடாம வர்றியே, உள்ள என்னடா வச்சிருக்கே? எறங்கு!"

சீசா போயிற்று. சாயங்காலம் காலித் தூக்கோடு திரும்புகையில் சைக்கிள் வழக்கம்போல் நெளிந்தது. மீசை கமகமக்க நின்ற சிப்பாய் கையசைத்தார்.

"இப்பத்தான் நல்ல புள்ள. போ, போ."