உயிரோடிருந்த அம்மா

கனடாவின் அஜக்ஸ் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு ஒருவர் தினமும் மத்தியானம் தாயைப் பார்க்க வருவார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம். துப்புரவு செய்பவர் வரை எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுத்தான் தாயின் அறைக்குள் போவார். அமெரிக்காவில் வாக்குக் கேட்டுத் திரிந்த காலத்துப் பழக்கம் அது.

அங்கே ஒரு மாநிலச் சட்டசபையில் இருந்தவர். இலங்கைப் போரில் ஷெல்லடியில் தாயை இழந்தவன் என்று மேடைக்கு மேடை பேசி வென்றவர். தாய் கனடாவில் உயிரோடு இருப்பதை ஒரு பத்திரிகை கண்டுபிடித்து எழுதியது. பதவி போய்விட்டது.

ஒருநாள் தாய்க்குக் கஞ்சி பருக்கிவிட்டு வெளியே வந்தவரிடம், "அம்மாவுக்கு உந்தக் கதை தெரியுமோ அண்ணை?" என்று கேட்டுவிட்டேன்.

"ஓம் தங்கச்சி. அப்ப அவவுக்கு நல்ல நினைவு. 'நான் செத்தது உனக்கு உதவினதோ தம்பி?' எண்டு மட்டும் கேட்டா."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"இனியும் பொய் சொல்லக்கூடாது எண்டு நினைச்சன். ஓம் எண்டு சொன்னன்." வெறும் கஞ்சிக் கோப்பையை என்னிடம் நீட்டினார். "அதுக்குப் பிறகு அவ என்னோடை கதைக்கேல்லை. இப்ப நான் ஆரெண்டும் தெரியாது."

அந்தக் குளிர்காலத்திலேயே தாய் இறந்துவிட்டார். மகனையும் பிறகு நான் காணவில்லை. தாய் அப்படிக் கேட்ட அன்றைக்கு மட்டுமாவது அவர் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் யோசிக்கிறேன்.